எந்தப் பழம்

பெங்களூரிலிருந்து ஆறு குப்பி,
பழைய சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்தான் ஷிபின்.
கோதுமை பீர். அவன் கூட்டாளிகள் காய்ச்சியது.
முட்டத்துப் பாறைமேல் திறந்தோம்.
முதல் நுரையைக் காற்று வழித்துக்கொண்டுபோய்
ததேயுஸ் சட்டையில் வைத்தது.

"பழம் மணக்கும், கிராம்பும் மணக்கும்.
ஆனா ரெண்டும் போடல்ல கேட்டியா."

பழம்னா எந்தப் பழம் மக்கா?
இங்கே அதை அப்படியே விட முடியுமா.
மட்டி என்றேன் நான்.
மட்டிக்கு ஏதுடே இந்தப் புளிப்பு, துளுவன் என்ற ததேயுஸ்
இன்னொரு வாய் குடித்ததும்
பாளையங்கோட்டானுக்கு மாறினான்.
கிராம்பில் மட்டும் சண்டையில்லை.
மாறாமலையில் பறிப்புக்கு ஆள்விடும் ஜெகன்
"காயாத மொட்டு" என்றான். முடிந்தது.

குடியை விட்டு மூன்று வருடமான எட்வின்
நெத்திலிப் பொரியலோடு இருந்தான்.
என் கிளாசை வாங்கி
மூக்குக்குக் கீழே பிடித்தான்,
வெகுநேரம்.

"ஏத்தன்.
ஒக்கி சாய்ச்ச குலை.
மூணாம் நாள் வெயில் வந்தப்போ
எங்க விளையில இந்த மணம்தான்."

சிந்தாமல் திருப்பித் தந்தான்.
கலங்கரை வெளிச்சம் எங்களைத் தாண்டிக் கடலுக்குப் போனது.
அதன்பிறகு குடித்த ஒவ்வொரு வாயிலும்
எனக்கு ஏத்தன்.

ததேயுஸ் மட்டும்
பாளையங்கோட்டான் என்றே
இன்றுவரை நிற்கிறான்.