மருந்துக்கு அளவு

காத்தாடியை நிறுத்தினேன்.
சித்திரைக் கடைசி, காட்பாடி, பகல் பதினொன்று.
துளுக்காணம் ஹவில்தார் பார்த்த பார்வையில்
ஒரு பட்டாளமே வியர்த்தது.
தராசுத் தட்டுக்குக் காற்று ஆகாது என்றேன்.
"மன்சனுக்கு ஆவும்மா" என்றார்,
நாற்காலியைக் கதவோரம் இழுத்துக்கொண்டு.

பதினாறு வருஷம் ஆஸ்பத்திரி மருந்தறை எனக்கு.
குழந்தைகளுக்குப் பொட்டலம் மடித்த விரல்கள் இவை.
ரைபிள் கிளப்பில் தோட்டாவுக்கு அளக்க ஆள் கேட்டபோது
அண்ணன் சிரித்தான்: அங்கேயும் மருந்து, இங்கேயும் மருந்து.
தமிழ் அப்படித்தான்.
பிழைக்கவைப்பதையும் வெடிப்பதையும்
ஒரே பெயரில் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும்,
சீட்டு எழுதி ஒட்டுவது நம் பாடு.

மேசை விளிம்பில் திருகி நிற்கிறது கருவி.
மேலே குழாய், நடுவே உருளை, பக்கத்தில் கைப்பிடி.
ஏற்றினால் ஒரு டக், இறக்கினால் ஒரு டக்.
இரண்டுக்கும் இடையே கை ஒரே மாதிரி நடக்க வேண்டும்.
கோபத்தில் இழுத்தால் கோபத்தின் எடை விழுகிறது.

முதல் பத்து வீச்சு கணக்கில் சேராது.
மருந்து குழாய்க்குள் உட்கார வேண்டும்,
பஸ் ஏறிய கூட்டம்
சத்துவாச்சாரி தாண்டித்தான் அடங்குவதுபோல.
பத்தையும் திரும்ப மேலே கொட்டினேன்.
"கொட்டிக் கொட்டி அள்றதுக்கா சம்பளம்?"

சோதனை எடைக்கல்லை இடுக்கியால்தான் எடுப்பேன்.
வியர்வைக்கும் எடை உண்டு.
முள் நடுவில் நின்றது. கல்லை எடுத்தேன், மருந்தை வைத்தேன்.
குறைவு. திருகைக் கால் சுற்று முன்னே.
மிகுதி. அதில் பாதி பின்னே.
வறண்ட நாள், துகள்கள் குழாய்ச் சுவரை விட்டு இறங்கவில்லை,
சீப்பில் ஒட்டிய காகிதத் துணுக்குகள்போல.
தட்டினேன், காத்திருந்தேன்.
அப்போது பார்த்து முள் நடுங்கியது.
"ஜோலார்பேட்டை கூட்ஸு" என்றார், வெளியே பார்க்காமலே.
நாற்பத்தெட்டுப் பெட்டி.
கடைசிப் பெட்டி பாலாற்றுப் பாலம் ஏறும்வரை
முள் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை.

பத்து வீச்சைச் சேர்த்து நிறுத்தேன், அப்பழுக்கில்லை.
தனித்தனியே நிறுத்தேன்,
ஒன்று கூடியிருந்தது, ஒன்று குறைந்திருந்தது.
சராசரி யோக்கியன்தான்.
ஆனால் துப்பாக்கி சராசரியைச் சுடுவதில்லை.
மறுபடி திருகு. மறுபடி பத்து.

மூன்றாம் சுற்றில் பத்தும் ஒரே பேச்சு பேசின.
மரையைப் பூட்டினேன்.
பலகைக் குழிகளில் ஐம்பது வெற்றுக்கூடு,
டக் டக், அடுத்தது, டக் டக், அடுத்தது.
இருபத்து மூன்றில் கைபேசி.
குடியாத்தத்திலிருந்து நவநீதம்:
"கெங்கம்மா சிரசுக்கு வரியா இல்லியா, இன்னா சொல்றே?"
வரேன் என்றேன். வைத்தேன்.

இருபத்து மூன்று.
போட்டேனா?

கைக்கு ஞாபகமில்லை. கைப்பிடி சொல்லாது.
டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன்.
இருட்டு எல்லாக் கூட்டிலும் ஒரே உயரத்தில் இருந்தது.
ஒருமுறை போட்டதில் இன்னொருமுறை விழுந்திருந்தால்
ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒருவர் கன்னத்தோடு அணைத்திருக்கும்போது
குழல் திறந்துகொள்ளும்.
"போட்ருக்க மாட்டே" என்றார். பிறகு, "போட்ருப்பே" என்றார்.

ஆஸ்பத்திரியில் ஒருமுறை
கொடுத்தனுப்பிய புட்டி ஒன்றின் பின்னால்
மூன்று மாடி ஓடினேன்.
புட்டியில் தவறில்லை.
அந்த நர்ஸ் இன்றுவரை என்னைப் பைத்தியம் என்றுதான் நினைக்கிறாள்.

ஒவ்வொரு கூடாகக் கவிழ்த்தேன்.
இருபத்து மூன்றை மட்டுமல்ல, முதலிலிருந்து.
ஹவில்தார் எழுந்து வந்தார்.
செல்போன் கூடாது என்று சுவரில் பலகை எழுதியவள் நானே,
அதை ஒரு பார்வை பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.
கைபேசியை எடுத்துக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

பத்து நிமிஷத்தில் அது மறுபடி அடித்தது.
வேப்பமரத்தடியில் அவர் குரல்:
"அவங்க மருந்து வேலையா கீறாங்கம்மா.
சிரசு எத்தினி மணிக்கு ஏறுது? கூட்டம் ஜாஸ்தியா?
கோபாலபுரம் வழியா வண்டி வுடுவானா?"

உள்ளே காற்றில்லாத அறையில்
முதல் பத்தை மறுபடி மேலே கொட்டிக்கொண்டிருந்தேன்.