பாதிச் சம்பளம்

வெள்ளிக்கிழமை, ஆறேகால் மணி.
போர்ட்டேஜ் லா ப்ரேரியில்
பெட்ரோல் பங்க்கை ஒட்டிய காபிக் கடை.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ப்ராண்டனிலிருந்து அவனுக்கு நூற்று முப்பது கிலோமீட்டர்,
வின்னிபெக்கிலிருந்து எனக்கு எண்பத்தைந்து.
வக்கீல் போட்ட கணக்கு அது.

ஓரெஸ்ட் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிவிட்டு உட்கார்கிறான்.
"ப்ரூலோட்டைக் கொடுத்துடலாம்" என்கிறான்.
எப்படியிருக்கே இல்லை, சாப்பிட்டியா இல்லை.
"யாருக்கு வேணும்?
முப்பத்துநாலு வயசு, முழங்கால் ரெண்டும் தகரம்,
இன்னும் மூணு வருஷம், வருஷத்துக்கு ஏழு மில்லியன்.
வாங்குறவன் தலையில என்ன, களிமண்ணா?"

காகித நாப்கினை விரிக்கிறான்.
குளிரில் உறைந்த பேனாவை
உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்து உருட்டுகிறான்.
அந்த உருட்டல் எனக்குத் தெரியும்.

மேலே ஒரு கோடு: உச்சவரம்பு.
கீழே பெயர்கள், பெயருக்கு எதிரே எண்கள்.
கோட்டைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.
ஒரு தடுப்பாட்டக்காரன் வேண்டும்,
இடது கை, இருபத்தைந்துக்குள், விலை கையைக் கடிக்காமல்.
"அப்படி ஒருத்தன் இருந்தா
அவனோட டீம் அவனை ஏன் விடுது?"
"அவங்களுக்கு கோல்கீப்பர் இல்ல."
"நமக்கு மட்டும் கொட்டிக் கிடக்குதா?"

கொசுறாக இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றைச் சேர்க்கிறான்.
பள்ளிக்கூடம்கூட முடிக்காத யாரோ ஒரு பையன்
ஏதோ ஊரில், விளக்குப் போட்ட பனித்திடலில்
இந்நேரம் சறுக்கிக்கொண்டிருப்பான்,
கறிவேப்பிலை கொத்துமல்லியாய்த் தன்னை
யாரோ பையில் போடுவது தெரியாமல்.

கூட்டிப் பார்க்கிறேன்.
ஒன்றேகால் மில்லியன் உதைக்கிறது.
கூட்டல் எனக்கு வரும்.
தானியக் கிடங்கில் எடைச்சீட்டு எழுதிப் பதினோரு வருஷம்.
வீட்டில் எது உதைத்தது என்பதைத்தான்
கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

எங்களுக்கு நடுவில் லெசியா,
ஒன்பது வயது,
டோனட்டைச் சுற்றிச் சுற்றிக் கடித்து
ஓட்டையை மட்டும் மிச்சம் வைக்கப் பார்க்கிறாள்.

"சம்பளத்துல பாதியை நாமே வச்சுக்கலாம்" என்கிறான்.
"ஆளை அனுப்பிடுவோம். அங்க ஆடட்டும்.
பாதிப் பணம் நாம கொடுக்கிறோம்னா
எவனும் வாங்குவான்."
விதியில் இடம் இருக்கிறது.
ஆள் இங்கே இருக்க மாட்டான்,
கணக்கை விட்டுப் போகவும் மாட்டான்.
ஒப்பந்தம் தீரும்வரை நம் தாளில் அந்தப் பெயர்.

பேனா நின்றது.
மாதா மாதம் முதல் தேதி என் வங்கிக்கு வரும் தொகையை
அவனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
காபி இயந்திரம் மட்டும் சீறி அடங்கியது.

"ப்ரூலோட்டுக்கு ரெண்டு நாய் இருக்கு" என்றாள் லெசியா.
"படத்துல பார்த்தேன். அதுங்க என்ன பண்ணும்?"
ஓரெஸ்ட் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான்.
"நாய்க்கு உச்சவரம்பு கிடையாது" என்றான்.
அவளுக்கு அது போதுமானதாக இல்லை.

அவள் பை அவன் தோளுக்குப் போனது.
பின்விளக்குகள் இரண்டும் மேற்கே சிறுத்து
பறக்கும் பனித்தூளில் கரைந்தன.
நாப்கின் என் பாக்கெட்டில் இருந்தது,
யார் வைத்தது என்று தெரியவில்லை.

வீட்டு வாசலில், இஞ்சினை அணைக்காமல்
இன்னொரு தடவை கூட்டினேன்.
பிறகு அவனுக்கு அனுப்பினேன்:
"மாற்று கோல்கீப்பரை ரெண்டு தடவை எழுதியிருக்கே.
ஒன்றேகால் அங்கதான் உதைக்குது."

பதில் வர வெகுநேரம் ஆனது.
"அப்போ ப்ரூலோட் இருக்கட்டும்.
லெசியா தூங்கிட்டா.
கையுறை ஒண்ணைக் காணோம்."

பின்சீட்டுக்கு அடியில் துழாவினேன்.
கிடைத்தது.
சிவப்பு. இடது கை.