அடைய மாட்டேன் என்கிறது

செம்பனை லோரிகள் ஓய்ந்து
மற்ற இரண்டும் அடைந்த பிறகும்
மொட்டைக் கழுத்துக்காரி மட்டும்
துணிக்கொடிக் கம்பத்தடியில் நிற்கிறாள்.
பிடித்து உள்ளே விட்டால்
கம்பிவலையில் அலகைத் தேய்த்து, ஒரு மாதிரிக் கேவல்.

பத்து நாளாய் இப்படி.
கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்
பக்கத்து வீட்டுப் பவளம்.
முட்டை வைக்காத கோழிக்குச் சட்டிதான் மருந்து
என்றார் மண்டோர் சின்னக்கருப்பன்.
தீவனக்கடை ஆ சோங்
நாலு வெள்ளிக்கு மஞ்சள் மாத்திரை தந்தான்.
விழுங்கிவிட்டு
கம்பத்தடிக்கே போனாள்.

நேற்று கையுறை ஆலை பஸ்
என்னைச் சடக்கில் இறக்கியபோது நடுச்சாமம்.
கைப்பேசி வெளிச்சத்தில் கூண்டுக்குள் குனிந்தேன்.
பாம்பில்லை. எலியில்லை.
மற்ற இரண்டும் கொண்டை வெளுத்து உட்கார்ந்திருந்தன,
பழகிப்போனவை.
விளக்கை அணைத்து
அவை உட்காரும் கட்டையில் கை வைத்தேன்.

ஊர்ந்தது.
வெடிப்பிலிருந்து விரலிடுக்குக்கு, மணிக்கட்டு தாண்டி.
மிளகுத்தூள் அளவுதான். நசுக்கினால் ரத்தம்.
பகலெல்லாம் மரத்துக்குள் ஒளிந்திருந்து
கண்ணயர்ந்தால் வரும் செள்ளு.

கட்டையைப் பிடுங்கி
மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினேன்.
பவளம் ஜன்னலைத் திறந்து, என்னடி என்றாள்.
ஒன்றுமில்லை என்றேன்.

சிகாமட்டில் ஒரு வீட்டைவிட்டு
நான் வந்த வருஷம்
எனக்கும் மிளகாய் சுற்றினார்கள்.
அந்தக் கட்டிலில்
யாரும் இருட்டில் கை வைத்துப் பார்க்கவில்லை.

இன்று புதுக் கட்டை, மரத்தூள் வாசனையோடு.
கூண்டு வாசலில் ஒரு காலைத் தூக்கி
யோசித்துக்கொண்டு நிற்கிறாள்.
நிற்கட்டும்.
கதவைச் சாத்தவில்லை நான்.