பங்கு

வங்கிக்காரர் சொன்ன வட்டி
மருந்துக் கடைக்கே காணாது.
முப்பத்திரண்டு வருசம் பல்லடம் ரோட்டு நூல்மில்லில்
கோன் எண்ணி, மூட்டை எண்ணி, அடுத்தவர் சம்பளம் எண்ணி
கடைசி நாளில் எனக்கென்று எண்ணியது
பதினொன்றேகால் லட்சம்.
பென்சன் ரெண்டாயிரத்துச் சொச்சம்.
அதற்கும் வருசத்துக்கொரு தடவை
உயிரோடிருக்கிறேன் என்று கைரேகை வைக்கோணும்.

ஃபைனான்சில் போடச் சொன்னார்கள், சீட்டில் போடச் சொன்னார்கள்.
ஈமு வாங்கிவிட்டு
தின்னவும் மனசில்லாமல் துரத்தவும் முடியாமல்
வேலியோரம் நின்ற சம்பந்தி வீட்டை நான் பார்த்திருக்கிறேன்.

நான் கரண்டில் போட்டேன்.
நிலக்கரி தோண்டுகிற ஒன்று,
எண்ணெய் சுத்தம் பண்ணுகிற ஒன்று,
காடு மேடெல்லாம் கம்பி இழுத்து
மின்சாரம் கடத்துகிற ஒன்று.
"இதெல்லாம் ஏறாத பங்குங்க" என்றான்
டீமேட் கணக்குத் திறந்த பையன்.
ஏற வேண்டாம் தம்பி,
கறந்தால் போதும்.

சும்மா சொல்லவில்லை.
ஈவு பிரிக்கிற தேதியன்று பாருங்கள்,
கொடுத்த அளவுக்கு விலை இறங்கி நிற்கும்
கறந்த மடி மாதிரி.
முதல் தடவை பயந்துபோய்
பையனுக்கு மூன்று முறை போன் போட்டேன்.
ஒரு வருசம் நிலக்கரி பாதிதான் கொடுத்தது.
அந்த வருசம் புரை ஆபரேசனை
ஒரு கண்ணோடு நிறுத்திக்கொண்டேன்.
ஈவுக்குப் பின்னாலேயே இரக்கம் வரும் நம் பேச்சில்.
கம்பெனி அறிக்கையில் தேடினேன்,
முன்னது மட்டும் இருந்தது.

ஆடிக் காற்று.
குண்டடம் தாண்டி அண்ணன் தோட்டத்தில் கிடாவெட்டு,
கட்டுத்தரை வரைக்கும் ஒரம்பரை.
தோட்டத்து நடுவில் அது நின்றது,
நாலு காலையும் பரப்பிக்கொண்டு,
பதினேழு தென்னையைச் சாய்த்துவிட்டு ஏறிய கோபுரம்.
அது வரக் கூடாதென்று
அண்ணன் ஜேசிபி முன்னால் படுத்தான்.
பிடித்து அடைத்த கல்யாண மண்டபத்துக்கு
அண்ணி தூக்குப்போசியில் சோறு கொண்டுபோனாள்.
நான் லீவு கிடைக்காமல் மூட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

இருட்டியதும் பேரப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்ட
ஒரு டியூப்லைட்டைக் கம்பிக்கு நேர் கீழே தூக்கிப் பிடித்தான்.
ஒயரில்லை, சுவிட்சில்லை,
கைக்குள்ளேயே எரிந்தது.
"இந்தா மணி, நீயும் புடி."
பிடித்தேன்.
அதே நேரம் இடுப்பில் போன் துடித்தது என்றால்
நம்பமாட்டீர்கள். அப்போது துடிக்கவில்லை.
மறுநாள் காலையில்தான் வந்தது
கம்பிக் கம்பெனி ஈவு,
நானூறு பங்குக்கு ஆயிரத்து எண்ணூறு.

காப்பி ஆறும்வரை வைத்திருந்துவிட்டு
அண்ணனிடம் சொன்னேன்.
கத்துவான் என்று நினைத்தேன்.
துண்டை உதறித் தோளில் போட்டான்.
"பங்கு ஒண்ணு என்ன வெலை?"
சொன்னேன்.
"நட்டஈடுன்னு குடுத்தது பேங்குல சும்மா கெடக்குது.
எடத்துக்கு வாடகை கேட்டா தரமாட்டீங்கறான்.
இப்படியாச்சும் வாங்கிக்கறேன்.
எனக்கொரு அறநூறு பங்கு வாங்கிக் குடு புள்ள."

பங்கு.
தாராபுரம் பத்திர ஆபீசில்
கழுத்தில் புதுத் தாலி அரிக்க அரிக்க
இந்தத் தோட்டத்தில் எனக்கு அது வேண்டாமென்று
கையெழுத்துப் போட்டவள் நான்.
எழுதிக் கொடுத்துவிட்டு
எதிர்க் கடையில் கலர் குடித்தோம்,
அண்ணன்தான் காசு கொடுத்தான்.
இப்போது கோபுரம் மிதிக்கிற ரெண்டரை சென்டில்
கோடானுகோடியில் ஒரு நானூறு
என் பேரில் இருக்கிறது.

பான் கார்டு கேட்டேன், கொண்டுவந்தான்.
பாஸ்புக், கொண்டுவந்தான்.
நாமினி யார் என்றேன்.
"பையன் பேரைப் போடு, வேற யாரு?"
உள்ளே அண்ணி பாத்திரம் விளக்குகிற சத்தம்
ஒரு நொடி நின்று, பிறகு தொடர்ந்தது.
மூத்தவள் கோகிலவாணி
ஊருக்குத் திரும்பப் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

மை வரவில்லை என்று
பேனாவை உதறிக்கொண்டிருந்தேன்
வெகு நேரம்.