மூன்றாம் வளைவு

லென்ஸை விற்றாயிற்று.
கல்முனைப் பெடியன், கல்யாண வீடுகளுக்கு எடுப்பவன்,
மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துவிட்டு
"அக்கா, உள்ளுக்குப் புழுதி கிடக்கு" என்றான்.
கிடக்கும்.
உகணைப் பக்கத்துக் கிறவல் அது,
பதினொரு வருசம்.
விலையை நான் குறைக்கவில்லை.

முதல் பஸ்ஸில் ஏறினால் களுவாஞ்சிக்குடியில் விடியும்.
அம்பாறையில் இறங்கி, ஓட்டோவில் காட்டோரம் போனால்
தடத்துக்கு எங்களுக்கு முந்தியே வந்திருக்கும்
யானை லத்தி.
அதை வாரிக் கொட்டிய பிறகுதான்
ரெஜி செலர் கொடிகளை உதறுவார்.
மட்டக்களப்புப் பறங்கி, ஆறடி,
மஞ்சள் கொடியை மட்டும் வீட்டில் துவைத்து
மடித்துக் கொண்டுவருவார்.
அது யாருக்கும் தேவைப்படக்கூடாது என்பார்.

மூன்றாம் வளைவில் நாங்கள் மூன்று பேர்.
சம்மாந்துறை அஸ்மீர்.
இந்திக்க, படத்தைவிடப் பாணும் சம்பலும் நன்றாகக் கொண்டுவருபவன்.
நான்.
ஒரே பத்திரிகைக்கு மூவரும் அனுப்புவோம்,
ஒன்றுதான் வரும்.
ஆனாலும் பேட்டரி செத்தால் அவனுடையது,
தூறினால் என் பொலித்தீன்.

இரைச்சலில் பேச்சு எடுபடாது.
விரல்களால் ஒரு பாஷை வைத்திருந்தோம்:
இரண்டு விரல், இருவர் ஒட்டி வருகிறார்கள்.
காது மடலைத் தொட்டால் தேத்தண்ணி.
தமிழும் இல்லை அதில், சிங்களமும் இல்லை.
போய்வாறன் என்பதற்கும் ஒன்றில்லை,
தேவைப்படும் என்று யார் கண்டது.

கச்சான் அடித்த ஓர் ஆடியில்
நாற்பத்தேழு விழுந்தது.
விழுந்தான் என்று வரவில்லை எனக்கு.
எண்ணைத்தானே தெரியும்,
ஹெல்மெட்டுக்குள் இருந்தவனை அல்ல.
அஸ்மீர் கமராவைப் புழுதியில் போட்டுவிட்டு ஓடினான்.
ரெஜியின் மஞ்சள் விரிந்தது.
நான் ஓடவில்லை.
என் விரல் ஓடியது,
செக்கனுக்கு எட்டுப் படம்.

அதற்குத்தான் என் வாழ்நாளில் கூடுதலான காசு வந்தது.
பாதியை அஸ்மீருக்கு நீட்டினேன்,
உடைந்த கமராவைத் திருத்தச் சொல்லி.
வாங்கிக்கொண்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
இரண்டு மாதம் போனும் இல்லை.
அடுத்த பந்தயத்தில், இரண்டாவது சுற்றுக்கு இடையில்,
என்னைப் பாராமலே
காது மடலைத் தொட்டான்.

ஏன் விடுகிறாய் என்கிறார்கள்.
முழங்கால் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
முழங்காலும்தான்.
பஸ் காசும் கொத்தும் போக மிஞ்சுவதை
நோனா ஒருத்தி கேட்டாளே, அவளிடமும் மறைத்தேன்.
இப்போது ஓடுகிறவனே
தலையில் கமரா பூட்டிக்கொண்டு ஓடுகிறான்.

கடைசி நாள், கடைசிச் சுற்று,
கமராவைத் தாழ்த்தினேன்.
பைக்கோடு சேர்ந்து கழுத்தைத் திருப்பியே பழகியவள் நான்;
அது தெளிந்து நிற்கும்,
மற்றதெல்லாம் கோடாய் இழுபட்டுப் போகும்.
அன்று திரும்பவில்லை.
பைக்குகள் கோடாகிப் போயின.
பின்னால் ஒரு மருத மரம் நின்றது.
யானை வேலி நின்றது.
வேலிக் கம்பியில் யாரோ காயப்போட்ட சாரம்,
காதைப் பொத்தியபடி மேற்சட்டையில்லாத ஒரு பிள்ளை.
எத்தனை ஆயிரம் படத்தில்
சாம்பல் நிறக் கீறலாய் இருந்ததோ அந்த மரம்.

இந்திக்க பாணை மூன்றாகப் பிய்த்தான்.
அஸ்மீர் என் பையைத் தூக்கிக்கொண்டு
பஸ் வரைக்கும் வந்தான்.
பையில் பாரமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

நேற்றுக் கல்லடிப் பாலத்தில் ஒருவன் மறித்தான்.
"என்னைத் தெரியல்லையா அக்கா?"
முழித்தேன்.
மீன் பையைக் கீழே வைத்தான்,
இரண்டு கையையும் முட்டி பிடித்து
இடது தோளைச் சரித்து
முழங்கையை வெளியே தள்ளினான்.
"நாற்பத்தேழு!" என்று கத்திவிட்டேன்.
சைக்கிளில் போனவர் திரும்பிப் பார்த்தார்.
"நான் விழுந்த படம் இருக்கா? மகனுக்குக் காட்டோணும்."
இருக்கு, மறுகா அனுப்புறன் என்று
போனில் நம்பரை வாங்கி
47 என்று பதிந்தேன்.
அழித்தேன்.
"பேரென்ன தம்பி?"