எதிரெடை

வீட்டுக்காரருக்கு விற்க மனம் வந்துவிட்டது.
வாடகையைக் கூட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்போம்,
என்றாள் பீ லெங்.
ஆங் மோ கியோவில் ஐந்து ஆண்டுச் சாமான்,
தரையில் பரப்பிப் பங்கு போட்டோம்.
சோற்றுப் பானை அவளுக்கு,
நின்றபடி தலையாட்டும் மின்விசிறி எனக்கு.
ஆளுக்குப் பாதி காசு போட்டு வாங்கிய
ரெக்கார்டு பிளேயரில்தான் இழுபறி.
கடைசியில்
பிளேயர் எனக்கு,
இசைத்தட்டுகள் எழுபத்தொன்றும் அவளுக்கு.
நியாயம் என்றே அப்போது தோன்றியது.

ஆம்புலன்சில் எனக்கு ஒன்பதாவது ஆண்டு.
விழுந்தவரைத் தூக்குமுன் கழுத்தைக் கட்டு:
கைக்குப் பழகிய பாடம்.
அதையே செய்தேன்.
முள்ளுக்கு அதன் மூடி.
ஒல்லிக் கையைத் தாங்கியில் கிடத்தி, கொக்கி மாட்டி,
கொக்கியை நம்பாமல்
ரொட்டிப் பை கட்டும் கம்பியால் இன்னொரு சுற்று,
இரத்தம் ஓட இடம்விட்டு.
“மூச்சு இருக்கிறதா?” என்று கேட்டுவிட்டு
அவளே சிரித்தாள்.

கையின் பின்பக்கத்து எடையைத் திருகிக் கழற்றி
பிடி, என்று நீட்டினேன்.
சுழல் தட்டை அப்படியே விட்டுக் கொண்டுபோகக் கூடாது;
சாலையின் ஒவ்வொரு மேட்டிலும்
அடித்தண்டு அடி வாங்கும்.
இருவருமாகத் தூக்கினோம். நினைத்ததைவிடக் கனம்.
அடியில் தூசி, ஒரு வளையமாக.
தூசியில் ஒரு நீள முடி.
உன்னுடையது, என்றாள்.
உன்னுடையது, என்றேன்.

தட்டைக் குளியல் துண்டில் சுற்றினேன்.
ரப்பர் பட்டையைத் தனிப் பையில் போட்டு
மேலே பேனாவால் எழுதினேன்: பட்டை.
இசைத்தட்டுகளைப் படுக்கப் போடாதே,
நிமிர்த்தி அடுக்கு, என்றேன் அவளிடம்.
தெரியும், என்றாள்.
தெரியாதா என்ன.
பூஞ்சை பிடித்த உறைகளை ஞாயிறுதோறும் துடைத்து
இந்த ஊரின் ஈரத்தோடு மல்லுக்கட்டியவள் அவள்தான்.
மொறுமொறு கடற்பாசி டப்பாக்களில் வரும்
ஈர உறிஞ்சிகளைத் தின்னும்போதே எடுத்துச் சேர்ப்பாள்.
அதில் பதினொரு பொட்டலம் எண்ணித் தந்தாள் எனக்கு.

டாக்சியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்,
தண்ணீர்த் தட்டு ஏந்துகிறவள்போல.
கண்ணாடியில் பார்த்த ஓட்டுநர் கேட்டார்: “கேக்கா?”
விளக்கச் சோம்பல். ஆமாம், என்றேன்.
“எத்தனை வயசு?”
பிளேயரின் வயதைச் சொன்னேன்: ஐம்பத்திரண்டு.
அதன்பின் அவர் பிரேக்கை மிதிக்கவேயில்லை,
தொட்டுத் தொட்டு ஓட்டினார்.
சிலேத்தார் விரைவுச்சாலையில்
சிமெண்டு லாரிகூட எங்களை முந்திப் போனது.
உட்லண்ட்ஸில் இறங்கும்போது
அவருக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள், என்றார்.

பதினான்காம் மாடி.
மேசை அரைப் பாகை சாய்வு என்றது கைப்பேசி.
ஒரு காலுக்கடியில் காலாவதியான பயண அட்டையைச் செருகினேன்.
தண்டு, தட்டு, பட்டை.
கம்பியைப் பிரித்ததும்
மயங்கியவர் கழுத்தாகக் கவிழ்ந்தது கை.

பின்பக்கத்து எடை.
குளியல் துண்டை உதறினேன், பெட்டிகளைக் கவிழ்த்தேன்,
பதினொரு பொட்டலத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன்,
அதற்குள் இருக்கமுடியாது என்று தெரிந்தும்.

இரவு பத்தரைக்கு ஒரு படம் வந்தது.
பிடோக்கில் புதுச் சமையலறை,
மாவு நிறுக்கும் தராசின்மேல் உட்கார்ந்திருந்தது அது.
நூற்றுப் பன்னிரண்டு கிராம்.
“என் கைப்பையில் கிடந்தது. கதவுக் குமிழா?”

அது இல்லாவிட்டால் முள் பாரமாக இறங்கும்,
இசைத்தட்டைக் கீறிவிடும், என்று எழுதினேன்.
எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.
“உன்னிடம்தான் இசைத்தட்டே இல்லையே.”

அங்கிருந்து இங்கே ரயிலில் ஒரு மணி நேரத்துக்கும் மேல்.
சனிக்கிழமை எனக்கு இரவுப் பணி.
ஞாயிறு அவளுக்கு அம்மா வீடு.
வரும்போது ஒரே ஒரு இசைத்தட்டு எடுத்து வா,
எது என்று நீயே பார், என்றேன்.
இரண்டு, என்று பதில் வந்தது.
கிழமை மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

மேசையிலிருந்து ரொட்டிக் கம்பியை எடுத்து
கையைத் தாங்கியில் ஏற்றி
மறுபடி ஒரு சுற்று சுற்றினேன்,
இறுக்காமல்.