இருபதில் மூன்று

என் வேலை, ஒரு கைப்பிடி இலையை எண்ணுவது.
கட்டபெட்டு, அரவேனு பக்கமிருந்தெல்லாம்
கோத்தகிரிக்கு மூட்டைகள் வந்து இறங்கும்,
காலையில் பறித்ததும்
நேற்றே பறித்து உள்ளே திணித்ததுமாய்.
நடு மூட்டைக்குள் கைவிட்டு நூறு கிராம் எடுத்துப் பரப்பி
இளசு இந்தப் பக்கம், முத்தல் அந்தப் பக்கம்.
நோட்டில் இரண்டே கட்டம்.
கைப்பிடி சொல்வதுதான் மூட்டைக்கு விலை.
போஜண்ணன் தினமும் சண்டைக்கு வருவார்:
"நல்ல இலையெல்லாம் அடியில கெடக்கு,
அதை நீ பாக்கவே மாட்டேங்கற."

எனக்கும் அப்படித்தான் எடுத்தார்கள்.
கோவையில், குப்புறப் படுக்கவைத்து,
இடுப்பெலும்பிலிருந்து ஒரு சிரிஞ்சு.
அதில் இருபது செல்.
இருபதிலும்
ஒன்பதாம் குரோமோசோமின் நுனி ஒடிந்து
இருபத்திரண்டில் ஒட்டியிருந்தது,
இருபத்திரண்டின் துண்டு ஒன்பதுக்குப் போயிருந்தது,
ராத்திரியோடு வேலி மாற்றிக் கட்டிய பங்காளிகள் மாதிரி.
குட்டையாகிப்போன இருபத்திரண்டுக்கு
பிலடெல்பியா என்று பேராம்.
சிரித்துவிட்டேன்.
எங்கள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
தகரக் கூரை போட்ட பிலதெல்பியா ஜெபவீடு இருக்கிறது,
ஞாயிறானால் டிரம்ஸ் சத்தம்.
நான் ஏன் சிரித்தேன் என்று
டாக்டர் நஸ்ரினுக்குப் புரியவில்லை.

அந்த ஒட்டுத்துண்டு போடும் உத்தரவை மட்டும்
வாயடைக்கிற மாத்திரை.
சாப்பிட்டதும் ஒரு சொம்புத் தண்ணீரோடு.
இமை வீங்கும்.
"அழுதியாக்கா?" என்பான் ரோலர் ஓட்டுகிற பையன்.
இல்லடா, மாத்திரை.
ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும்,
சிமெண்டுத் தரையில் வெறுங்காலை ஊன்றி நிற்பேன்.
உறைபனி மாதத்தில் அது வைத்தியம் இல்லை, தண்டனை.

ஆறு மாதத்தில் இருபதுக்கு ஒன்பது.
வருஷத்தில் இரண்டு.
பிறகு, மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில்
கொண்டை ஊசிக்குக் கொண்டை ஊசி வேண்டிக்கொண்டு போன
அந்தத் தடவை,
சைபர்.

டாக்டர் ரிப்போர்ட்டை மூடவில்லை.
"மூணு செல்லுல எட்டாவது குரோமோசோம்
ரெண்டு இருக்கவேண்டியது மூணு இருக்கு.
பிலடெல்பியா இல்லாத செல்தான், பழைய நோய் இல்லை.
மாத்திரையாலயா, முன்னாடியே ஒளிஞ்சிருந்துதா,
சொல்லத் தெரியல.
பல பேருக்குத் தானாப் போயிடும்.
சிலருக்கு அப்படியே கிடக்கும்.
ஆறு மாசத்துக்கு ஒருக்கா பார்ப்போம்."
அந்தச் சிலருக்குப் பின்னால்
இன்னொரு சிலர் இருந்தார்கள்.
அவர் மேஜைமேல் கிடந்த பேனாவை நேராக வைத்தார்.
நானும் கேட்கவில்லை.

அண்ணன் திருப்பூரிலிருந்து போன் பண்ணினான்.
சைபர் என்றேன்.
பனியன் மெஷின் இரைச்சலை மீறிக் கத்தினான்,
பக்கத்திலிருந்தவர்களிடமும் சொன்னான்.
மூன்றை நானே வைத்துக்கொண்டேன்.

கவாத்து வெட்டிய காட்டில் வெயில் தரைவரை இறங்கும்.
அப்போது தேயிலை மட்டுமா துளிர்க்கிறது?
யாரும் விதைக்காதது ஏதாவது, இரண்டு இலையோடு,
பேர் தெரியாமல் எட்டிப்பார்க்கும்.
எல்லாமே களையும் இல்லை.
பிடுங்க நீளும் கை
சில சமயம் அப்படியே நிற்கும்.

இன்று போஜண்ணன் மூட்டையில்
மூன்று இலை இடறியது.
கிள்ளினால் ஒடியவும் இல்லை,
நாரிழுக்கவும் இல்லை.
"எந்தப் பக்கம் தள்ளப்போற?" என்று
மூக்கு மேஜையில் படக் குனிந்தார்.
கட்டம் இரண்டுதான்.
ஓரத்தில் ஒதுக்கி வைத்தேன்.
"அப்ப அதுக்கு என்ன கணக்கு?"
ஆறு மாசம் கழிச்சுச் சொல்றேன்
என்று வாய்வரை வந்தது.
தராசுத் தட்டைத் துடைத்துவிட்டு
அடுத்த மூட்டையை அவிழ்க்கச் சொன்னேன்.